கம்பி நழுவிடுச்சு

எங்கள் பிரிவில் எது கோணலாகப் போனாலும் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: "கம்பி நழுவிடுச்சு." அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவள் நான். அதனால் இதை நானே சொல்வதுதான் முறை.

நான் டாக்டர் இல்லை. புற்றுநோய் மருத்துவமனையில் யாருக்கு, எந்த இடத்தில், எவ்வளவு கதிர்வீச்சு, எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடுகிற இயற்பியலாளர். பத்தொன்பது வருடமாக இதே நாற்காலி. சொந்தக்காரர்கள் கேட்டால் எக்ஸ்ரே எடுக்கிற வேலை என்று சொல்லிவிடுவேன். முழுசாகச் சொன்னால் அடுத்த கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலை சுத்தம். என்னைப் பற்றி நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அறையில் நடப்பது உள்கதிர் சிகிச்சை. வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சுவது முதல் ஐந்து வாரம். அது வேறு அறை, வேறு ஆட்கள். அதற்குப் பிறகு கட்டி இருக்கும் இடத்துக்குள்ளேயே கதிரைக் கொண்டுபோய் வைப்பது எங்கள் பங்கு. கருப்பை வாயில் கட்டி உள்ள பெண்ணுக்கு, மயக்கம் கொடுத்து, பிறப்புப் பாதையின் வழியாகவே ஒரு மெல்லிய உலோகக் குழாயைக் கருப்பைக்குள் டாக்டர் செருகுவார். ஸ்கேன் எடுத்த பிறகு நான் கணக்குப் போடுவேன். அந்த உலோகக் குழாயின் வெளிமுனையை ஒரு பிளாஸ்டிக் குழாயால் இயந்திரத்தோடு இணைப்போம். எல்லோரும் வெளியே வந்து, கனமான கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால், ஈயப் பெட்டிக்குள் இருக்கிற அரிசிமணி அளவு கதிர்ப்பொருள் ஒரு கேபிளின் நுனியில் கிளம்பிப் போய்க் கருப்பையின் உச்சியில் நிற்கும். அங்கே சில வினாடி. பிறகு அரை சென்டிமீட்டர் பின்வாங்கி, அங்கே சில வினாடி. இப்படிப் படிப்படியாக இறங்கி, கடைசியில் பெட்டிக்குத் திரும்பிவிடும். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அவ்வளவு நேரமும் உள்ளே நோயாளி மட்டும்தான் இருப்பார்.

அந்த அரிசிமணிக்குப் புத்தகத் தமிழில் மூலம் என்று பெயர். ஒரு நாள் நல்ல தமிழில் விளக்குகிறேன் பேர்வழி என்று, மூலம் உள்ளே போகும், பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடும் என்று ஒரு அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அவர் பதறிப்போய், தனக்கு மூலமெல்லாம் கிடையாது, வேறு யாருடைய ஃபைலையோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்றார். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. அன்றிலிருந்து நாங்கள் சோர்ஸ் என்றே சொல்கிறோம். அப்படிப் பதறியவர்தான் தையல்காரம்மா.

அவருக்கு வயது நாற்பத்தாறு. வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். படுக்கவைத்தால்கூட எங்கள் கவுனின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்து, இதை யார் தைத்தது, நூலை மிச்சம் பிடித்திருக்கிறான் என்று குறை சொல்வார். அவர் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். பணி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு அப்படியே வந்து, வெளியே நீல நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அவள் மட்டும் உள்ளே இருக்கும்போது ஏதாவது தப்பாகப் போனால் உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் பெருமையாக அளக்கும் கம்பியைப் பற்றிச் சொன்னேன்.

அந்தக் கம்பி எங்களிடம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு என் கணக்குத் தாளில் இருந்ததோடு சரி. உள்ளே உண்மையில் எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. கம்பி என்று நாங்கள் சொன்னாலும் அது கண்ணாடி இழை. அதன் நுனியில் ஒரு சின்ன மணி. கதிர் பட்டால் அந்த மணி மினுங்கும். அந்த வெளிச்சம் இழை வழியாக வெளியே வந்து, திரையில் கோடாக ஓடும். நோயாளியின் மலக்குடலுக்குள், கட்டிக்கு நேர் பின்னால் மணி நிற்கும்படி வைத்து, தொடையில் டேப் போட்டு ஒட்டிவிடுவார் சிஸ்டர். திரையில் என் கணக்கு பச்சைக் கோடு. உள்ளே நடப்பது சிவப்புக் கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடினால் நல்லது. விலகினால் அது கூவும்.

வந்த புதிதில் அதைப் புதுப்பெண்ணைப் போலத் தாங்கினோம். ஆறு மாதத்தில் அது மாமியார் ஆகிவிட்டது. மாமியார் என்றே சிஸ்டர் பெயரும் வைத்தார். நோயாளி இருமினால் கூவும். வயிற்றில் காற்று அசைந்தால் கூவும். ஒவ்வொரு முறையும் சோர்ஸைத் திரும்ப அழைத்து, கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தால் கம்பி ஒரு அரை சென்டிமீட்டர் வெளியே வந்திருக்கும். நாற்பது தடவைக்கு மேல் பார்த்தோம். நாற்பதும் இதே கதை. புலி வருது, புலி வருது என்று அது கத்திக்கொண்டே இருந்தது. நாங்களும் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மென்பொருளில் இதற்கு ஒரு கட்டம் இருந்தது. கம்பி எவ்வளவு நகர்ந்தது என்று அதில் எண்ணைப் போட்டால், பச்சைக் கோடு அதற்கேற்ப நகர்ந்து சிவப்பின் மேல் உட்கார்ந்துவிடும். கூவல் நிற்கும். கீழே காரணம் எழுதும் இடத்தில் "கம்பி நழுவிடுச்சு" என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இந்தக் குறுக்குவழியைக் கண்டுபிடித்ததும், எனக்கு அடுத்தபடியாக இருக்கும் இன்னொரு இயற்பியலாளருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்.

தையல்காரம்மாவுக்கு வாரம் ஒன்றாக நான்கு தடவை. முதல் தடவை சோர்ஸ் உச்சிக்குப் போய் நின்ற உடனேயே மாமியார் கூவ ஆரம்பித்துவிட்டது. சோர்ஸ் உச்சியில் இருக்கும்போது மணிக்கும் அதற்கும் தூரம் அதிகம். அதனால் பச்சைக் கோடு தாழ்வாகத் தொடங்கி, நடுவில் மேடாக ஏறி, இறங்க வேண்டும். சிவப்பு எடுத்த எடுப்பிலேயே ஏறிக்கொண்டிருந்தது. மேடு முன்னால் வந்துவிட்டது. மணி இருக்க வேண்டிய இடத்தைவிட உள்ளே போய்விட்டால் இப்படி வரும். நிறுத்தி உள்ளே போனால் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அறைக்கு வெளியே மயக்கம் கொடுத்த இன்னொரு பெண் ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார். நான் கட்டத்தில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மூன்று சென்டிமீட்டர் என்று போட்டதும் இரண்டு கோடும் அச்சு அசலாகப் பொருந்தின. அவ்வளவு அழகாகப் பொருந்தியதில் எனக்குச் சந்தோஷம்கூட.

கம்பி மூன்று சென்டிமீட்டர் நழுவியிருக்கிறது என்று சிஸ்டரிடம் சொன்னேன். ஒட்டுவதை ஒழுங்காக ஒட்டக் கூடாதா என்றும் கேட்டேன். சிஸ்டர் என்னைவிட வயதில் மூத்தவர், ரோஷக்காரர். தன் டேப் அப்படியே இருக்கிறது என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அம்மி மிதித்தவள் மாதிரி நான் உறுதியாக இருந்தேன், கோடு பொருந்திவிட்டதே.

அடுத்த வாரம் வந்தபோது தையல்காரம்மா கீழே எரிகிறது என்றார். கதிர் சிகிச்சையில் எரிச்சல் இல்லாமல் இருக்குமா என்று டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்தார். அன்றைக்குச் சிஸ்டர் ஒரு வேலை செய்தார். கம்பியை ஒட்டிய பிறகு, அது உடலுக்குள் நுழைகிற இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். சிகிச்சை தொடங்கியது, மாமியார் கூவியது, நான் மூன்று சென்டிமீட்டர் போட்டேன், கோடுகள் பொருந்தின. முடிந்ததும் சிஸ்டர் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அவர் போட்ட கறுப்புக் கோடு இம்மியும் அசையவில்லை.

"நழுவல மேடம். பாத்துக்கோங்க. இனிமே என் தலையில போடாதீங்க."

வெளியே அசையாவிட்டாலும் உள்ளே இழை வளைந்திருக்கலாம் என்று நான் சொன்னேன். சொல்வதற்கு ஏதாவது கிடைக்காமல் போகுமா? படித்தவளுக்குச் சாக்கு சொல்லவா தெரியாது.

அந்த வாரம் வியாழக்கிழமை மதியம், மாத அறிக்கைக்காகக் கம்பித் திருத்தங்களையெல்லாம் ஒரு பட்டியலாக எடுத்தேன். வெளியே நழுவினால் கழித்தல் குறி. உள்ளே போனால் கூட்டல் குறி. கழித்தல் அரை, கழித்தல் ஒன்று, கழித்தல் முக்கால், கழித்தல் அரை. இப்படியே ஒரு பக்கம். நடுவில் இரண்டே இரண்டு இடத்தில் கூட்டல் மூன்று. இரண்டும் ஒரே நோயாளி.

நான் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லாந்து படுத்திருக்கிற மனித உடம்பிலிருந்து ஒரு கம்பி நழுவினால் வெளியேதான் வரும். உள்ளே எப்படி நழுவும்? அதுவும் இரண்டு வாரமும் ஒரு நூல் பிசகாமல் அதே மூன்று? ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரயில் நகர்ந்தால் நம் ரயில்தான் கிளம்பிவிட்டது என்று தோன்றுமே, அதுதான் நடந்திருந்தது. கம்பி மூன்று சென்டிமீட்டர் மேலே போனாலும் திரையில் அதே கோடுதான் வரும். சோர்ஸ் மூன்று சென்டிமீட்டர் கீழே நின்றாலும் அதே கோடுதான் வரும். இரண்டில் எது நகர்ந்தது என்று திரை சொல்லாது. பழி போடச் சுலபமான கம்பியின்மேல் நான் பழியைப் போட்டிருந்தேன்.

ஓடினேன் என்று சொல்ல மாட்டேன். நடந்தேன். சிகிச்சை அறைக்குப் போய், தையல்காரம்மாவின் எண் எழுதிய உறையிலிருந்து பிளாஸ்டிக் குழாயை எடுத்தேன். எங்களிடம் இரண்டு வகைக் குழாய் உண்டு. பழைய கருவிக்கானது மூன்று சென்டிமீட்டர் நீளம் அதிகம். வாய் இரண்டுக்கும் ஒன்றுதான். வளைந்து தொங்கும்போது பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் குட்டைக்கு நீல டேப், நெட்டைக்கு மஞ்சள் டேப். கழுவக் கழுவ டேப் உரிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் உரிந்தவற்றுக்கெல்லாம் நான்தான் புது டேப் சுற்றினேன். ஒவ்வொன்றையும் ஸ்கேலில் வைத்து அளந்துவிட்டுச் சுற்ற வேண்டும் என்பது விதி. விதியை எழுதியவளும் நானே. அன்று தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்க வராத ஆளோடு சண்டை போட்டபடி, கண்ணளவிலேயே சுற்றி முடித்தேன்.

உறையிலிருந்த குழாய்க்கு நீல டேப். ஸ்டீல் ஸ்கேலை வைத்தேன். நெட்டை.

கேபிள் நீளும் தூரம் எப்போதும் ஒன்றுதான்; குழாய் நீளமாக இருந்தால் சோர்ஸ் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் உள்ளே போகும். ஒரு நோயாளிக்குக் கொடுத்த குழாயை அவர் சிகிச்சை முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். டேப் சுற்றிய பிறகு வேறு யாருக்கும் இது போகவில்லை என்று பதிவேட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அதே வழக்கத்தால்தான் இரண்டு வாரமும் அவருக்கு மட்டும் அதே தப்பு. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கட்டியின் மேல்பகுதிக்குப் போக வேண்டியதில் பாதிகூடப் போகவில்லை. நோயே இல்லாத கீழ்ப்பாதைக்குக் கட்டிக்கான முழு அளவும் விழுந்திருந்தது. எரிகிறது என்று அவர் சொன்ன இடம் அதுதான். கம்பியும் சொன்னது, உடம்புக்காரியும் சொன்னார். இரண்டு பேரையும் நாங்கள் நம்பவில்லை.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல கைக்காரர், நல்ல மனுஷர், ஆனால் கழுவுற மீனில் நழுவுற மீன். ஃபைலை வாங்கிப் புரட்டினார். பிறகு, மிச்சமிருக்கும் இரண்டு தடவையில் அளவைக் கூட்டுவோம், ஐந்தாவதாக ஒன்று சேர்ப்போம் என்றார். சுற்றியுள்ள உறுப்புகள் எவ்வளவு தாங்கும் என்று என்னைக் கேட்டார். முழுசாக ஈடுகட்ட முடியாது என்றேன். முடிந்த அளவு என்றார். மருத்துவமனைப் பாதுகாப்புக் குழுவுக்கு அறிக்கை பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார். அதுவரை பதிவில் 'கம்பி நழுவிடுச்சு' என்றே இருக்கட்டுமாம். தையல்காரம்மாவுக்கு யார் சொல்வது என்று கேட்டேன். தேவையான அளவு தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். அறையைவிட்டு வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை மறைப்பதானால் மற்றதையெல்லாம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா மெதுவாக, காலை அகட்டி வைத்து நடந்து வந்தார். டாக்டர் தேவையான அளவு சொன்னார்: சிகிச்சையை இன்னும் பலப்படுத்துகிறோம், கூட ஒரு தடவை வரவேண்டியிருக்கும். அந்த அம்மா நன்றி சொன்னார். டாக்டர் கை கழுவப் போனார். கழுவத்தான் போனார், நான் குத்திப் பேசவில்லை. தயார்ப்படுத்தும் அறையில் தையல்காரம்மாவும் சிஸ்டரும் நானும் மட்டும் இருந்தோம்.

"உக்காரவே முடியல மேடம்," என்றார். "மிஷின்ல உக்காந்து பத்து நாளாச்சு. நின்னுகிட்டே காஜா எடுக்கறேன். எல்லாருக்கும் இப்படித்தானா?"

சிஸ்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊசி ஏறும், மயக்கம் வரும், அவர் வாழ்நாள் முழுக்க, அது எவ்வளவோ, எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அந்தச் சொல் என் நாக்கில் வந்து நின்றது உண்மை.

"எல்லாருக்கும் இப்படி இல்லைங்க," என்றேன். "உங்களுக்குத் தப்பா போட்டுட்டோம். நான்தான் போட்டேன்."

குழாயைப் பற்றிச் சொன்னேன். டேப்பைப் பற்றிச் சொன்னேன். சோர்ஸ் மூன்று சென்டிமீட்டர் கீழேயே நின்றுவிட்டது என்று சொன்னேன். அவர் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"இவ்வளவா?"

முப்பது வருடம் துணி அளந்த விரல்கள். சரியாக மூன்று சென்டிமீட்டர் இருந்தது. நான் தலையாட்டினேன்.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

அவர் அந்த இரண்டு விரலையும் மடக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். துணியாக இருந்தால் ஒட்டுப் போட்டுவிடலாம் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பிழைக்க முன்பு எவ்வளவு வாய்ப்பு இருந்தது, இப்போது எவ்வளவு என்று கேட்டார். முன்பு பத்துக்கு ஏழு என்றேன். இப்போது பத்துக்கு ஐந்து இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றேன். கீழே புண் ஆறவும் நாளாகும், ஆறாமலும் போகலாம் என்றேன். சிஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இன்றைக்கு வேண்டாம் என்று எழுந்து போனால் என்னவாகும் என்று கேட்டார். ஐந்து இன்னும் குறையும் என்று சொல்லவேண்டியிருந்தது.

"அப்ப செய்யுங்க," என்றார். "ஆனா நீங்க உள்ள வராதீங்க. உங்க கை என்மேல படக் கூடாது."

சரி என்றேன்.

"இன்னொண்ணு. இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்கதான் சொல்லணும். டாக்டர் சொல்ல வேண்டாம், அவர் அழகா பேசுவார். நான் உள்ள இருக்கும்போதே சொல்லிடுங்க. நான் வெளிய வரும்போது அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். என் வாயால இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்ல."

அவர் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சிஸ்டர் பக்கம் கையை நீட்டினார். நான் அழுதேன் என்று எழுதினால் அது எனக்கே பிடிக்காது. எனவே அதை விட்டுவிடுகிறேன்.

நடந்ததைப் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் மட்டும் என்னைப் பார்த்தார். இன்னொரு இயற்பியலாளரை வரவழைத்தோம். புதுக் குழாயை அவர் ஸ்கேலில் வைத்து அளவைச் சத்தமாகச் சொல்ல, சிஸ்டர் குனிந்து பார்த்து அதையே திருப்பிச் சொன்னார். இரண்டு தடவை அப்படிச் செய்தார்கள். நான் வாசலுக்கு வெளியே நின்று அதைக் கேட்டேன். அரை நிமிட வேலை. அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை.

வராந்தாவில் பஸ் டிரைவர் வழக்கமான நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். நீங்கள் உள்ளே இல்லையா, நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவளுக்குத் தைரியமாக இருக்குமே என்றார். உட்காரச் சொன்னேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே சிகிச்சை அறைக் கதவு. அதன்மேல் இருந்த சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. சோர்ஸ் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

பன்னிரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். முதல் வாக்கியத்தை மூன்று தடவை தொடங்கினேன். ஒரு தடவை "உங்க வீட்டம்மாவுக்கு" என்று தொடங்கி, ஒரு தடவை "இந்த மாதிரி சிகிச்சையில" என்று தொடங்கி, நல்லவேளையாக அதை நானே விழுங்கிவிட்டேன். கடைசியில், "நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க" என்று ஆரம்பித்ததும் மற்றது வந்துவிட்டது. குழாய், டேப், மூன்று சென்டிமீட்டர், இரண்டு தடவை. ஏழு என்றும் ஐந்து என்றும் அவரிடமும் சொன்னேன். அவர் முன்னால் சாய்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றி, தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு கம்பி வெச்சிருக்கோம், உள்ள நடக்கறத அப்பப்பவே சொல்லிடும்னு சொன்னீங்களே," என்றார். "அது சொல்லலையா?"

"சொல்லிச்சு."

"எப்ப?"

"முதல் நாளே. முதல் நிமிஷத்துலயே."

"அப்புறம்?"

"நான் நம்பல."

அவர் நிமிர்ந்து கதவுமேல் எரிகிற விளக்கைப் பார்த்தார். ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போனார். அதன் ஒரு சக்கரம் வராந்தா முடியும் வரை கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"இப்ப உள்ள யாரு பாக்கறாங்க?"

"இன்னொருத்தர். என்கூட வேலை பாக்கறவர்."

"அது சொன்னா அவர் நம்புவாரா?"

"இன்னைக்கு நம்புவாருங்க," என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அவருக்கும் கேட்டுவிட்டது. விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்:

"அன்னைக்குத்தாங்க அவளுக்குத் தேவைப்பட்டுச்சு."